23 வயதில் முதல் காதலைத் தேடும் தம்பிக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்களுக்கு 23 வயது. ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பது 13 வயதிலிருந்தே தெரியும். இதுவரை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. கூடப் படித்த நண்பன் ஒருவன்மீது மூன்று வருடமாக ஆசை. அவனுக்கோ ஒரு பெண்ணோடு காதல். டேட்டிங் ஆப்பில் போய்ப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் முதல் வரியிலேயே படுக்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் மூன்று வாரமாக மனம்விட்டுப் பேசுகிறார், நேரில் சந்திக்கலாமா என்கிறார், உங்களுக்குப் பயமாக இருக்கிறது. கேள்வி என்று நீங்கள் போட்டது "முதல் காதலை எங்கே தேடுவது?" என்ற ஒரு வரிதான். ஆனால் இரண்டாம் முறை படித்தபோது எனக்குக் கேட்டது வேறு. எல்லோருக்கும் பள்ளி வயதிலேயே நடந்தது எனக்கு ஏன் நடக்கவில்லை, என்னிடம் ஏதாவது கோளாறா, என்னையும் ஒருவன் காதலிப்பானா என்று கேட்கிறீர்கள். எங்கே என்ற கேள்விக்குப் பதில் சின்னது. இதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் மனநல ஆலோசகராகப் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்கள் தன்பாலீர்ப்புள்ள இளைஞர்கள். நானும் தன்பாலீர்ப்பு உள்ளவன்தான். என் முதல் காதல் 27 வயதில் வந்தது. ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசகரைத் தேடி வருகிறவர்கள் ஏதோ ஒரு வலியோடு வருகிறவர்கள். காதலித்து, சேர்ந்து, நிம்மதியாக இருப்பவர்களுக்கு என்னிடம் என்ன வேலை? அதனால் நான் அதிகம் பார்த்தது அடிபட்ட கதைகளைத்தான். கீழே எச்சரிக்கை கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது. உங்கள் ஈர்ப்பில் கோளாறு எதுவும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1973 முடிவுக்காக முன்னின்று உழைத்த ராபர்ட் ஸ்பிட்சரே 2003இல் சிலரால் மாற முடிகிறது என்று ஓர் ஆய்வை வெளியிட்டார். 2012இல் அந்த முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டு, தன்பாலீர்ப்புள்ளவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். இதை விடுங்கள், இது முடிந்துபோன வழக்கு.

அப்படியானால் ஏன் இன்னும் நடக்கவில்லை? உங்கள் வகுப்புப் பையன்கள் 15 வயதில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒருத்தியைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான், அவன் கேலி செய்தான், இவன் வெட்கப்பட்டான். ஒரு கடிதமோ மெசேஜோ எழுதி அழித்தான். அவள் மறுத்தாள், ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தான், அப்புறம் எழுந்து விளையாடப் போனான். காதல் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் பழகிக்கொண்டான். ஆசையைச் சொல்வது, மறுப்பைத் தாங்குவது, இன்னொருவர் தன்னைப் பார்க்கிறார் என்பதைக் கண்டுகொள்வது எல்லாம் அவனுக்கு ஊரறிய நடந்த ஒத்திகை.

அதே வருடங்களில் நீங்களும் சும்மா இருக்கவில்லை. வேறொன்றைப் பழகினீர்கள். பார்வை எங்கே போகிறது என்று கவனித்து, யாரும் பார்ப்பதற்குள் திருப்பிக்கொள்வது. "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் தயாராக ஒரு பெண்ணின் பெயர் வைத்திருப்பது. குரலை, நடையை, கை அசைவை, சிரிப்பைக்கூட ஒரு கண் வைத்துக் காவல் காப்பது. பத்து வருடம் ஒரு நாள் விடாமல் செய்தால் எந்த வேலையிலும் தேர்ந்துவிடுவோம். நீங்கள் ஒளிந்துகொள்வதில் தேர்ந்துவிட்டீர்கள். அது உங்களைக் காப்பாற்றியது, அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காதல் என்பது இன்னொருவர் கண்ணில் படுவதில் தொடங்குகிற விஷயம். படாமல் இருப்பதில் கைதேர்ந்த ஒருவருக்கு அது தாமதமாக வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இலன் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் துறையில் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. சிறுபான்மையாக வாழ்வதாலேயே மனத்தில் ஏறும் கூடுதல் சுமையைப் பற்றியது. வெளியிலிருந்து வரும் அவமானத்தோடு அது நிற்பதில்லை என்கிறார். எந்த நேரமும் நிராகரிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பது, மறைப்பது, சமூகம் சொன்னதை நாமே நம்பி நம்மைத் தாழ்வாக நினைப்பது ஆகியவையும் சேர்ந்து அழுத்துகின்றன. "என்னை யார் காதலிப்பார்கள்?" என்ற உங்கள் வரியில் எனக்கு இந்த மூன்றாவதுதான் கேட்டது.

இன்னொன்றும் இதிலிருந்தே வருகிறது. ஒருவர் மெசேஜுக்கு ஒரு மணி நேரம் பதில் போடாவிட்டால் அன்றைய நாளே கெட்டுப்போகிறது என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். 15 வயதில் படவேண்டிய பாட்டை 23 வயதில் படுகிறீர்கள், அவ்வளவுதான். எனக்கு 27 வயதில் அதே பாடு. அலுவலகத்தில் ஒழுங்காக வேலை பார்க்கிற பெரிய மனிதன், மாலையில் போனைப் பார்த்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பையன்போல உட்கார்ந்திருப்பேன். நல்ல செய்தி என்னவென்றால், தலை பெரியவருடையது என்பதால் மனம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. மற்றவர்களுக்கு ஐந்தாறு வருடம் ஆனதைப் பலர் ஒன்றிரண்டு வருடத்தில் கடந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த நண்பன். டோரதி டென்னவ் என்ற உளவியலாளர், ஒருவரையே நினைத்து உருகி, அவருடைய ஒவ்வொரு சின்னச் செயலிலும் அர்த்தம் தேடும் நிலைக்கு 1979இல் லிமரென்ஸ் என்று பெயர் வைத்து எழுதினார். அது எதைத் தின்று வளர்கிறது என்று அவர் சொன்னது எனக்கு அனுபவத்தில் சரியாகவே பட்டிருக்கிறது: கொஞ்சம் நம்பிக்கையும், கொஞ்சம் நிச்சயமின்மையும். அவன் தோளில் கைபோட்டால் ஒரு வாரம் நம்பிக்கை, அவளோடு பேசுவதைப் பார்த்தால் ஒரு வாரம் இருட்டு. இது இப்படியே எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓடும். கூடவே, சேர வாய்ப்பில்லாத ஒருவரைக் காதலிப்பதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அவன் ஒருநாளும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, அதனால் நீங்கள் வெளியே வரவே தேவையில்லை. இது என் கணிப்பு, எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் இந்தக் கதையோடு வந்தவர்களிடம் இதைச் சொன்னபோது, பலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஆமாம் என்றிருக்கிறார்கள்.

அவனிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, முதலில் அவற்றைப் பிரியுங்கள். "எனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு" என்பது உங்களைப் பற்றிய செய்தி. அவன் நம்பகமானவன், இந்த மாதிரி விஷயங்களில் அவன் பேச்சு அசிங்கமாக இருந்ததில்லை, தங்குமிடத்துக்கோ வேலைக்கோ நீங்கள் அவனைச் சார்ந்து இல்லை என்றால் அதைச் சொல்லலாம். பல நட்புகள் அதற்குப் பிறகு இறுகியதைப் பார்த்திருக்கிறேன். "உன்னைத்தான் காதலிக்கிறேன்" என்பது அவனிடம் பதில் கேட்கும் வாக்கியம். பதில் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லித் தீர்ந்தால்தான் மூச்சுவிட முடியும் என்று சிலர் சொல்லி, உண்மையிலேயே விடுபட்டிருக்கிறார்கள். நட்பையும் இழந்து நொந்தவர்களும் உண்டு. எது உங்களுக்கு நடக்கும் என்பது அவனைத் தெரிந்த உங்களுக்குத்தான் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருப்பேன்.

முதல் வாக்கியத்தை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று மட்டும் வற்புறுத்துவேன். அவன் இல்லாவிட்டால் வேறொருவர். ஒரே ஒரு ஆள் போதும். வீட்டுக்கு இப்போதே சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு உங்கள் படிப்பு, வருமானம், வீட்டின் மனநிலை என்று வேறு கணக்கு இருக்கிறது, காதல் கிடைப்பதற்கு அது முன்நிபந்தனையும் இல்லை. ஆனால் உங்களை முழுசாகத் தெரிந்த ஒரு மனிதர்கூட உலகத்தில் இல்லாத நிலையில் காதலைத் தேடினால், வருகிற முதல் ஆள்மீது பத்து வருடச் சுமையையும் இறக்கி வைப்பீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் திணறிப்போவார்.

இப்போது எங்கே என்ற கேள்வி. மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவர் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 2017இல் இணைந்த ஒருபால் இணைகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள் என்று வந்தது. ஆண்பெண் இணைகளில் அது 39 விழுக்காடு அளவில்தான். ஒரு நாட்டுக் கணக்கு அது, ஆனால் காரணம் எங்கேயும் பொருந்தும்: நம்மைப் போன்றவர்கள் எண்ணிக்கையில் குறைவு, நெற்றியில் எழுதியும் ஒட்டியிருக்காது. ஆகவே ஆப் என்றாலே கெட்டது என்று ஒதுக்காதீர்கள். உடலுறவை மட்டும் கேட்பவர்களையும் கெட்டவர்கள் என்று எண்ண வேண்டாம். தனக்கு வேண்டியதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். உங்களுக்கு வேண்டியதை நீங்கள் சொன்னீர்களா? உங்கள் ப்ரொஃபைலில் முகம் இல்லை, வயதும் உயரமும் மட்டும் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து ஒருவர் வேறு என்ன கேட்க முடியும்? முகம் போட முடியாத சூழல் என்றால் பரவாயில்லை, வார்த்தைகள் போடலாமே. என்ன படிப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும், எதற்குச் சிரிப்பீர்கள், "பழகிப் பார்த்து மெதுவாகப் போகிற உறவு தேடுகிறேன்" என்று நாலு வரி. வருகிற மெசேஜ்கள் குறையும். குறையட்டும், மிச்சம் வருபவை வேறு மாதிரி இருக்கும்.

ஆப்போடு நிற்காமல், நம்மைப் போன்றவர்கள் கூடும் ஆதரவுக் குழுக்கள், வாசிப்பு வட்டங்கள், ஓட்டக் குழுக்கள், தன்னார்வ வேலைகள் எது உங்களுக்கு எட்டுகிறதோ அதற்குப் போங்கள். காதலன் கிடைப்பான் என்று போகாதீர்கள், நண்பர்கள் கிடைப்பார்கள் என்று போங்கள். நீங்கள் இன்னும் தன்பாலீர்ப்புள்ள ஒரு நண்பரைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது, உங்கள் கடிதத்தில் காதல் இல்லாததைவிட என்னை அதிகம் கவலைப்படுத்தியது. இரண்டு ஆண்கள் சேர்ந்து சமைத்து, சண்டைபோட்டு, வாடகைக் கணக்குப் பார்த்து வாழ்வதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டால், "இதெல்லாம் நமக்கு நடக்குமா" என்ற கேள்வி நான் எழுதுகிற பத்துப் பக்கத்தைவிட வேகமாகக் கரையும்.

நெருக்கம் எப்படி உண்டாகிறது என்பதற்கு ஆர்தர் ஆரனும் அவர் குழுவும் 1997இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. அறிமுகமில்லாத இருவரை உட்காரவைத்து, மேலோட்டமான கேள்விகளில் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும் 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில், சும்மா அரட்டை அடித்த ஜோடிகளைவிட இவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். காதல் வந்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை, பின்னால் மற்றவர்கள்தான் அப்படி ஊதிவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது, இருவரும் சொல்கிறார்கள், மெல்ல மெல்லச் சொல்கிறார்கள் என்பதுதான். உங்களைப் போல நீண்டகாலம் மூடி இருந்தவர்கள் ஒன்று வாயே திறப்பதில்லை, இல்லையென்றால் முதல் நாள் பேச்சிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுநாள் காணாமல் போகிறார்கள். ஒரு அடி நீங்கள் வையுங்கள், அவர் ஒரு அடி வைக்கிறாரா என்று பாருங்கள்.

அவர் அடி வைக்காமல் உங்களை மட்டும் இழுத்தால் நில்லுங்கள். முதன்முதலில் "பிடிச்சிருக்கு" என்று சொன்னவரை விட்டால் வேறு ஆள் கிடைக்காது என்ற பயத்தில், தங்களைக் கேவலமாக நடத்தியவர்களோடு வருடக்கணக்கில் இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாளே "நீ இல்லாமல் வாழ முடியாது" என்பவர், உங்கள் நண்பர்களை வெட்டிவிடச் சொல்பவர், பணம் கேட்பவர், ஆணுறை வேண்டாம் என்று நச்சரிப்பவர், உங்களைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லிவிடுவேன் என்று விளையாட்டாகக்கூடச் சொல்பவர் யாராக இருந்தாலும் விலகுங்கள். முகமும் உடம்பும் சேர்ந்து தெரியும் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள். மெசேஜ்களை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கைப் பற்றி ஆப்பில் புகார் செய்துவிட்டு, அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். ஒருபால் உறவைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகே ஆப்பையும் சந்திப்பையும் காவல்துறையையும் பற்றி முடிவெடுங்கள்.

உடல் பற்றிக் கொஞ்சம். மெதுவாகப் போகலாம், கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதோடு மாதக்கணக்கில் இருக்கலாம், அதில் குழந்தைத்தனம் எதுவும் இல்லை. தயாரானபோது ஆணுறை, எச்ஐவி வராமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரை, கல்லீரல் அழற்சி பி, உடலுறவு வழியாகப் பரவும் எச்பிவி வைரஸ் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆணுறை கிழிந்தது மாதிரி ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், எச்ஐவி தொற்றாமல் தடுக்கப் பின்னால் எடுக்கும் பெப் மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட எச்ஐவி உள்ளவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. ஏறத்தாழ 780 ஆண் இணைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அப்படி ஒரு தொற்றுகூட இல்லை. நாளைக்கு நீங்கள் விரும்பும் ஒருவர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னால், பயந்து ஓடாமல் உட்கார்ந்து பேச இது உதவும்.

இப்படிப்பட்ட உறவு நீடிக்குமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 21 ஆண் இணைகளையும் 21 பெண் இணைகளையும் 12 வருடம் கவனித்து 2003இல் எழுதினார்கள். கருத்து வேறுபாட்டைப் பேசத் தொடங்கும்போது இவர்கள் ஆண்பெண் தம்பதிகளைவிடக் கூடுதலான பிரியத்தோடும் நகைச்சுவையோடும் தொடங்கினார்கள் என்று அதில் வந்தது. 42 இணைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் நான் பார்த்த வரையிலும், யார் எதைச் செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி வைத்த கட்டளை இல்லாததால், எங்களில் பலர் உட்கார்ந்து பேசித்தான் ஒவ்வொன்றையும் முடிவு செய்கிறோம். அந்தப் பழக்கம் உறவுக்கு நல்லது செய்கிறது. உங்களுக்கு எப்போது வரும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். இடையில் தூக்கம் போய், சாப்பாடு போய், சாகலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இந்தப் பதிலை வைத்துச் சமாளிக்காமல், அன்றைக்கே ஒரு மருத்துவரையோ உதவி எண்ணையோ அணுகுங்கள்.

இனி அந்த மூன்று வார மனிதர். போங்கள் என்பதுதான் என் பதில், ஆனால் அதற்கு முன் ஒருமுறை வீடியோவில் பேசி, படத்தில் இருப்பவர்தான் பேசுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்கு மறுத்துக்கொண்டே இருந்தால் நேரில் போகாதீர்கள். பகல் நேரம், ஆள் நடமாட்டமுள்ள இடம், ஒரு மணி நேரம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவரை இந்த வாரமே கண்டுபிடிக்க இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும். அங்கே போய் எப்படி நடந்துகொள்வது என்று ஒத்திகை பார்க்காதீர்கள். கை நடுங்கினால் "எனக்கு இது முதல் தடவை, பயமாக இருக்கிறது" என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு அவர் முகம் எப்படிப் போகிறது என்பதைக் கவனியுங்கள், மூன்று வார மெசேஜில் தெரியாதது அதில் தெரியும். நடுவில் பேச்சு நின்றுபோனால் அவசரப்பட்டு எதையாவது சொல்லி நிரப்ப வேண்டாம். அவருக்கும் அது முதல் தடவையாக இருக்கலாம்.